ஏனோஸ் கொடுத்த பாட்டு

ஆடிப் பாடி ஆராதிக்கும் ஷேக்கர் என்ற கிறிஸ்தவச் சபையார் அமெரிக்காவில் சேர்ந்து வாழத் தொடங்கியிருந்த காலம். ஆணும் பெண்ணும் மணம் முடிக்காமல், உடன்பிறந்தவர்களாக ஒரே வீட்டில் இருந்தார்கள். வீட்டுக்கு இரண்டு வாசல். ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. கன்று பிறந்தால் பாட்டு, கூரை வேய்ந்தால் பாட்டு. யார் வாயில் பிறந்தாலும் கடவுள் கொடுத்தது என்று வாங்கிக்கொள்வார்கள்.

ஏனோஸ் வந்து சேர்ந்து ஒரு வருஷம். அவருக்கு மட்டும் ஒரு வரிகூட வரவில்லை.

சபைத் தலைவி ஜெருசா அம்மாவிடம் போனார். அம்மா என்றுதான் பேரே தவிர, அவள் இவரைவிடப் பத்து வயது இளையவள்.

"கடவுளுக்கு நான் வேண்டாம் போலிருக்கும்மா. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஊருக்குப் போய்விடுகிறேன்."

"போகிறதுதான் போகிறீர்கள், அதுவரைக்கும் ஆப்பிளைப் பார்த்துக்கொள்ளுங்கள்," என்றாள் அம்மா.

குளிர்காலச் சாப்பாட்டுக்காக நறுக்கிய ஆப்பிள் துண்டுகள் முற்றமெங்கும் பலகைகளில் காய்ந்துகொண்டிருந்தன.

சனிக்கிழமை மத்தியானம் வானம் கறுத்தது. முதல் துளி ஏனோஸின் மூக்கிலேயே விழுந்தது. மனுஷன் பதறிப்போய், எந்த வாசல் என்றும் பாராமல் பெண்கள் வாசலுக்குள் தலையை நீட்டிக் கத்தினார்.

"வாங்க, வாங்க! எல்லாரும் வாங்க! மழை வருது, வாங்க!"

கத்திய கத்தில் பெண்கள் ஆண்களின் வாசலாலும், ஆண்கள் பெண்களின் வாசலாலும் ஓடிவந்தார்கள். சமையற்கட்டு மார்த்தாள் கரண்டியோடு வந்தாள். பலகைகளையெல்லாம் உள்ளே தூக்கிப் போனார்கள். ஒரு துண்டுகூட நனையவில்லை; மனுஷர்கள்தான் தொப்பலாக நனைந்தார்கள்.

"ஒரு வருஷமா ஊமையா இருந்தவருக்குத் தொண்டையைப் பாருங்களேன்!" என்று தச்சர் சைலஸ் சிரித்தார்.

ஏனோஸுக்குத் தலை நிமிரவில்லை. பாட்டும் வரவில்லை, இருந்த ஒழுங்கையும் குலைத்தாயிற்று.

ஞாயிறு காலை ஆராதனை. ஒரு பக்கம் ஆண்கள், எதிரே பெண்கள். மார்த்தாள்தான் முதலில் பாட்டெடுத்தாள்.

"வாங்க, வாங்க, எல்லாரும் வாங்க..."

ஏனோஸ் கத்திய அதே ராகம். உச்சியில் அவர் குரல் பிசிறிய இடம்கூட அப்படியே. வரிசை வரிசையாகச் சபை கால் தட்டியது, கை உதறியது, சுற்றிச் சுற்றி ஆடியது.

ஏனோஸ் அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, இது பாட்டே இல்லை! பதற்றத்தில் கூப்பிட்டேன், அவ்வளவுதான்."

அம்மா ஆட்டத்தை நிறுத்தவில்லை.

"கூப்பிட்டீர்கள். ஒருத்தர் பாக்கியில்லாமல் வந்தோமே!"