ராஜா பூசிக்கிட்ட மதநீர்

மருதங்குடி ராஜாவுக்கு வேற வாசனைத் திரவியமே கிடைக்கலையா? மதம் பிடிச்ச ஆண் யானைக்குக் கன்னத்துல ஒழுகுமே மதநீர், அதை வழிச்சு நெஞ்செல்லாம் பூசிக்கிட்டு சபைக்கு வந்துட்டார். புலவருங்க 'வண்டு மொய்க்கும் மதநீர்'னு பாடினதை நம்பி, தளவாய் முத்துவீரப்பன் கொடுத்த யோசனை. "பூசினா வீரம் பொங்கும் மகாராஜா"ன்னு சொல்லி, அவனும் அக்குள் வரைக்கும் அப்பிக்கிட்டான்.

வண்டு வரல. ஈ வந்துச்சு.

சபையே மூச்சை அடக்கிக்கிட்டு, "ஆகா, என்ன மணம்"னுச்சு. விதூஷகன் தோணியப்பன் மட்டும் மூக்கைப் பொத்தினான்.

"என்னடா?"

"இது யானைக்கு யானை அனுப்புற சேதி மகாராஜா. 'மாப்பிள்ளை ரெடி'ன்னு அர்த்தம்."

தளவாய் விடுவானா? "ராஜாவையே யானைங்கிறான். குடுமியைச் சிரைச்சு, கழுதை மேல ஏத்தி, நாட்டை விட்டே துரத்தணும்."

"அந்த யானையே வந்து சொல்லட்டும்"னார் ராஜா. "சாயங்காலத்துக்குள்ள சொல்லலேன்னா, சிரைச்சிருங்க."

நாவிதர் கத்தியைத் தீட்ட உக்காந்துட்டார். தோணியப்பன் குடுமியைத் தடவிக்கிட்டே யானைக் கொட்டாரத்துக்கு ஓடினான். அங்க செங்கமலம்னு ஒரு பெண் யானை, ஜோடி தேடிப் பிளிறிக்கிட்டு இருந்துச்சு.

"வா தாயி, என் குடுமி உன் தும்பிக்கையிலதான் இருக்கு."

செங்கமலம் சபை முற்றத்துக்குள்ள நுழைஞ்சு நேரா ராஜாகிட்ட போச்சு. தும்பிக்கை நுனியால அவர் நெஞ்சைத் தொட்டு, அந்த நுனியை வாய்க்குள்ள வச்சு ருசி பார்த்துச்சு. பதமாத் திரும்புச்சு. பின்பக்கத்தைக் காட்டிக்கிட்டே ரிவர்ஸ்ல வந்து, சிம்மாசனம் மிதக்கிற அளவுக்கு மூத்திரம் பேஞ்சுச்சு.

ராஜா ரெண்டு காலையும் தூக்கிச் சிம்மாசனத்து மேல வச்சுக்கிட்டார்.

"என்னடா இது?"

"வெத்தலை பாக்கு மகாராஜா. அவங்க குலத்துல இப்படித்தான் மாத்துவாங்க. பொண்ணுக்குப் பூரண சம்மதம்."

ராஜா எடுத்தார் ஓட்டம். பின்னாடியே செங்கமலம். அவர் தாமரைக் குளத்துல குதிச்சு, சீயக்காய் போட்டுத் தேய்ச்சார், தேய்ச்சார், தோலே உரியிற வரைக்கும் தேய்ச்சார்.

"தோணியப்பா, போயிட்டாளா?"

"கரையில காத்துக்கிட்டு இருக்காங்க மகாராஜா."

ராஜாவுக்கே சிரிப்பு வந்துருச்சு. "உன் குடுமி உனக்கே. கழுத்துல கிடக்கிற முத்துமாலையும் உனக்கே. அவளை எப்படியாவது அனுப்புடா."

தோணியப்பன் செங்கமலத்தோட காதுகிட்ட போனான்.

"பெரியவருக்கு ஏற்கெனவே மூணு சம்சாரம், தாயி. சின்னவர் ஒருத்தர் இருக்கார். அதே வாசனை, அக்குள் வரைக்கும். இன்னும் குளிக்கலை. அதோ, அந்த மாமரத்துக்குப் பின்னால வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கிறார் பாரு."