பின்வரிசைத் தெருவின் ராட்சதன்

ஒரு தேரையும் ஒரு சுண்டெலியும் ஒரு பல்லியும் ஒரே ஊரில் குடியிருந்தன. ஊர் என்றால் நிஜ ஊர் இல்லை. ஜப்பானில், ராட்சத மிருகப் படம் எடுக்கிற ஒரு கூடத்துக்குள் செய்து வைத்திருந்த பொம்மை ஊர்.

கடலிலிருந்து ஒன்று, மலையிலிருந்து ஒன்று, வானத்திலிருந்து ஒன்று என்று பெரிய பெரிய மிருகங்கள் கிளம்பி வரும். ஊருக்கு நடுவில் நின்று கட்டிப் புரளும். ஊர் தூள் தூளாகும். இதுதான் கதை. இதைப் பார்க்க ஜனம் வரிசையில் நிற்கும்.

அந்தப் பொம்மை ஊரைப் பார்த்தால் நமக்கே குடியேறத் தோன்றும். ஜன்னலுக்கு ஜன்னல் விளக்கு உண்டு. தெருவில் டிராம் உண்டு. வீடுகளுக்குப் பின்னால் கடல் உண்டு. கடல் என்றால் முழங்கால் ஆழத் தொட்டி. தொட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு வடிகால் குழாய், வெளியே இருந்த நெல்வயலுக்குப் போனது.

அந்தக் குழாய் வழியாகத்தான் மழைக்காலத்தில் தேரை உள்ளே வந்தது. வயலில் இருந்தவரை அதற்கு நிம்மதி கிடையாது. கொக்கு வந்தால் இலைக்கடியில் ஒளிய வேண்டும். பாம்பு வந்தால் சேற்றுக்குள் புதைய வேண்டும். இங்கே வந்து, கடலைத் தாண்டி, முதல் தெருவில் ஏறி நின்றது. இரண்டு பக்கமும் வீடுகள். எல்லா வீடும் அதன் இடுப்பளவுதான்!

தேரை திகைத்துப்போனது. ஒரு கூரை மேல் கை வைத்துப் பார்த்தது. மாடி ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தது. அப்புறம் மெல்ல நெஞ்சை நிமிர்த்தியது.

"இத்தனை நாளும் நான் ராட்சதன்னு எனக்கே தெரியாமப் போச்சே" என்றது.

கூடத்துக் கம்பியில் ஒட்டிக்கொண்டிருந்த பல்லிக்குச் சிரிப்பு வந்தது. பல படங்களைப் பார்த்த பல்லி அது. நறுக்கென்று பேசும்.

"அண்ணே, அது பின்வரிசைத் தெரு. தூரத்துல இருக்கிற மாதிரி கேமராவுக்குத் தெரியணும்னு வேணும்னே குட்டி குட்டியா செஞ்சிருக்காங்க. முன்வரிசைக்கு வந்து நில்லுங்க. உங்க உசரம் தெரியும்."

"வந்து பார்த்தேனே" என்றது தேரை. "அந்தத் தெருக் காத்து எனக்கு ஒத்துக்கல. அங்க போனா உடம்பு சுருங்கிடுது. என் தெருவுக்குத் திரும்பினா பழையபடி ஆயிடுது."

பல்லி கம்பியில் மேலே ஏறிப் போய்விட்டது. வீட்டை அளவுகோலாக வைத்துக்கொண்டு, தான்தான் சுருங்கி விரிகிறோம் என்று நம்புகிறவரிடம் என்னத்தைப் பேசுவது?

சுண்டெலியின் வீடு முன்வரிசையில் இருந்தது. அங்கே தபால் ஆபீஸ் என்று ஒரு கட்டிடம். அதன் மாடியில்தான் அது குட்டி போட்டிருந்தது. மேகம் செய்வதற்கு மூட்டையில் வைத்திருந்த பஞ்சைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்து வந்து மெத்தை போட்டிருந்தது. குட்டிகளுக்கு இன்னும் கண் திறக்கவில்லை. மாலையில் விளக்குப் போட்டதும் சுண்டெலி ஜன்னலில் உட்கார்ந்து பார்க்கும். தூரத்தில், கூரைகளுக்கு மேலே, தேரையின் தலை தெரியும். அது நிஜமாகவே பெரிதாகத்தான் தெரிந்தது.

ஒருநாள் பல்லி சுவரில் இறங்கி ஓடி வந்தது.

"எலியம்மா, மூட்டையைக் கட்டு. நாளைக்குக் கடைசிச் சண்டை எடுக்கிறாங்க. மூணு ராட்சதனும் ஒண்ணா வராங்க. இந்தத் தபால் ஆபீஸ் மேலதான் முதல் மிதி. டைரக்டர் குச்சியால தொட்டுக் காட்டிட்டுப் போறார்."

"இவ்வளவு அழகா கட்டினதை உடைப்பாங்களா அக்கா?"

"உடைக்கிறதுக்காகத்தான் அழகா கட்டுறாங்க. அசிங்கமா கட்டினதை உடைச்சா யாருக்கு வலிக்கும்?"

சுண்டெலிக்குக் கை கால் ஓடவில்லை. கூடத்தின் வாசல் பக்கம் ஆளும் பூனையும் நடமாடின. இருந்த ஒரே வழி கடலைத் தாண்டி வடிகால் குழாய். சுண்டெலிக்கு நீந்தத் தெரியும். ஆனால் குட்டியை வாயில் கவ்விக்கொண்டு நீந்தினால் குட்டி தண்ணீர் குடித்துச் செத்துவிடும். அது பின்வரிசைக்கு ஓடியது.

"அண்ணே, உங்களுக்குத் தண்ணி பழக்கம். என் குட்டிகளை முதுகுல ஏத்தி அந்தக் கரையில விட்டுருங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்."

தேரைக்கு முகம் சுருங்கிவிட்டது.

"என் முதுகுல எலிக்குட்டியா? நான் என்ன ஓடக்காரனா? நீ எங்கயும் போக வேண்டாம், தங்கச்சி. எத்தனை ராட்சதன் வந்தாலும் வரட்டும். இந்த ஊருக்கும் ஒரு ராட்சதன் இருக்கான். நடுத்தெருவுல நான் நின்னா எவன் தாண்டுவான்? நான் பார்த்துக்கிறேன்."

முடிந்ததைக் கேட்டால் முடியாது என்றது. முடியாததை யாரும் கேட்காமலே தருகிறேன் என்றது. இப்படிப்பட்ட ஆட்கள் எல்லா ஊரிலும் உண்டு.

பல்லி தலையில் அடித்துக்கொண்டது. ஆனால் சுண்டெலி நம்பிவிட்டது. அதைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. தூக்கமில்லாத பிள்ளைக்காரியிடம் யாராவது 'நான் பார்த்துக்கிறேன்' என்றால், அந்த ஒரு சொல்லிலேயே அவளுக்குக் கண் சொக்கிவிடும். சுண்டெலி வீட்டுக்குப் போய்க் குட்டிகளை அணைத்துப் படுத்துக்கொண்டது.

மறுநாள் காலை பெரிய விளக்குகள் எரிந்தன. தேரை முன்வரிசைக்கு வந்து தபால் ஆபீஸ் வாசலில் நின்றது. வழக்கம்போல உடம்பு சுருங்கியது. வாசற்கதவில் பாதி உயரம்தான் தேரை இருந்தது. 'பரவாயில்லை, சண்டை வந்தால் வளர்ந்துவிடுவோம்' என்று நினைத்துக்கொண்டது.

ராட்சதர்கள் வந்தார்கள். முதுகெல்லாம் முள்ளோடு ஒருவன் கடலிலிருந்து எழுந்தான். நெற்றியில் கொம்போடு ஒருவன் மலையைத் தள்ளிக்கொண்டு வந்தான். இறக்கைக்காரன் ஒருவன் கம்பியில் தொங்கியபடி மேலிருந்து இறங்கினான். தரை அதிர்ந்தது. தேரை காற்றை இழுத்து இழுத்து உடம்பை ஊதிக்கொண்டது. காலை உன்னி எழுந்து நின்றது.

"நில்! இது என் ஊர்!" என்று கத்தியது.

முள்முதுகன் நிற்கவில்லை. அவன் கால் தேரைக்குப் பக்கத்தில் இறங்கியது. கால் விரலின் நகம் மட்டுமே தேரையைவிட உயரமாக இருந்தது. பக்கத்து வங்கி நொறுங்கி, ஓடுகள் தேரை மேல் கொட்டின. அவன் தேரையைப் பார்க்கக்கூட இல்லை. அடுத்த கால் தபால் ஆபீஸுக்கு மேலே எழுந்தது.

"கட்! கட்!" என்று டைரக்டர் கத்தினார். "இறக்கை கம்பியில சிக்கிருச்சு. எல்லாரும் டீ குடிச்சிட்டு வாங்க."

தூக்கிய கால் அப்படியே பின்னால் போனது. விளக்குகள் அணைந்தன. தேரை ஓட்டுக் குவியலுக்கடியிலிருந்து எட்டிப் பார்த்தது. யாரோ ஓடி வந்து முள்முதுகனின் முதுகில் ஜிப்பைத் திறந்தார்கள். உள்ளேயிருந்து ஒல்லியான ஒரு மனிதர் வெளியே வந்தார். பெயர் குராதா. கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து, ராட்சத உறையின் பாதத்தைக் கழற்றிச் சாய்த்தார். வியர்வை தண்ணீராய்க் கொட்டியது. டீ டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"பார்த்து மிதிங்க, குராதா" என்றார் பக்கத்தில் நின்று விசிறிவிட்ட உதவியாள் மினேகிஷி. "தடுக்கி விழுந்துடப் போறீங்க."

"எதைப் பார்க்கிறது? கழுத்துல ஒரு ஓட்டை. அது வழியா எதிர்ல நிக்கிறவன் கொம்பு தெரியும். அவ்வளவுதான். காலடியில என்ன இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"உள்ள இருக்கிறப்போ எப்படி இருக்கும்?"

குராதா கொஞ்சம் யோசித்தார். "மாட்டின உடனே, உலகத்துலயே நான்தான் பெரிய ஆள்னு தோணும். கொஞ்ச நேரத்துல மூச்சு முட்டும். அப்புறம் எப்படா கழட்டுவாங்கன்னு ஆயிடும்" என்றார்.

தேரைக்கு நெஞ்சுக்குள் ஏதோ இடிந்து விழுந்தது. அவ்வளவு பெரியவனே உறையைக் கழற்றிவிட்டு வாளி மேல் உட்கார்ந்து இளைப்பாறுகிறான். தனக்கோ உறைகூடக் கிடையாது. பின்வரிசைத் தெரு மட்டும்தான் இருந்தது. தேரையின் காலடியிலும் ஒரு வீடு இருந்தது. அதற்குள் கண் திறக்காத குட்டிகள் இருந்தன. இத்தனை நேரமும் தேரை அதைப் பார்க்கவே இல்லை.

தேரை தபால் ஆபீஸ் மாடிக்குத் தாவியது.

"தங்கச்சி, நான் ராட்சதன் இல்ல. வெறும் தேரை. அவன் நகத்துக்குக்கூட நான் காணமாட்டேன். குட்டிகளை எடு."

சுண்டெலி அதை வெறித்துப் பார்த்தது. "இதை நேத்தே சொல்லியிருந்தா நான் விடிய விடிய வேற வழி தேடியிருப்பேனே அண்ணே" என்றது.

"எனக்கே இப்பத்தான் தெரியும். அப்புறமா திட்டிக்கோ. முதல்ல என் முதுகுல ஏத்து."

சுண்டெலி மேகப் பஞ்சை அதன் முதுகில் பரப்பிக் குட்டிகளை ஒவ்வொன்றாக வைத்தது. இடிபாட்டுச் சந்துகளுக்குள் இரண்டும் நுழைந்து போயின. பின்வரிசைத் தெருவைக் கடக்கும்போது தேரை திரும்பிப் பார்க்கவில்லை. கடலோரம் வந்ததும் தயங்கியது. பாரத்தோடு இறங்கினால் முதுகு தண்ணீரில் முங்கிவிடும்.

அப்போதுதான் அதற்குத் தனக்குத் தெரிந்த ஒரே வித்தை ஞாபகம் வந்தது. காற்றை இழுத்து இழுத்து உடம்பை ஊதிக்கொண்டது. இந்த முறை யாரையும் மிரட்ட அல்ல. முதுகு தண்ணீருக்கு மேலே நின்றது. பஞ்சு நனையவில்லை. சுண்டெலி பக்கத்திலேயே நீந்தியது.

"சீக்கிரம் அண்ணே, டம்ளரைக் கீழ வெச்சுட்டாங்க!" என்று கம்பியிலிருந்து பல்லி கத்தியது.

அவை குழாய் வாய்க்குள் ஏறியபோது விளக்குகள் எரிந்தன. தபால் ஆபீஸ் ஒரே மிதியில் தரைமட்டமானது. மூன்று ராட்சதர்களும் ஊரின் மேல் விழுந்து புரண்டார்கள். கடைசியில் பின்வரிசைத் தெருவில் தீ வைத்தார்கள். அது பற்றி எரிந்து முடியும்வரை தேரை பார்த்துக்கொண்டே இருந்தது. அதற்கு அழுகை வந்தது. ஆனாலும் மூச்சு முன்பைவிடச் சுலபமாக வந்தது.

வயலில் பழையபடி கொக்கு வந்தது. பழையபடி இலைக்கடியில் ஒளிய வேண்டியிருந்தது. வரப்பு வளையில் குட்டிகளுக்குக் கண் திறந்தபோது தேரை வாசலில் உட்கார்ந்திருந்தது.

"அம்மா, இவரு யாரு?" என்று கேட்டது ஒரு குட்டி.

"உங்களைச் சுமந்துட்டு வந்த தேரை மாமா" என்றது சுண்டெலி.

குட்டி அண்ணாந்து பார்த்தது. "அம்மாடி, எவ்வளவு பெரியவர்!"

அந்தச் சொல் இன்னமும் தேரைக்குப் பிடித்திருந்தது.

"இல்லடா கண்ணு" என்றது. "நீ சின்னவனா இருக்கே, அதனால அப்படித் தெரியுது. வளர்ந்தா சரியா தெரியும்."

அன்று மாலை சுண்டெலி இரை தேடப் போனபோது, குட்டிகளைத் தேரையிடம் விட்டுவிட்டுத்தான் போனது.

தன் அளவை ஒப்புக்கொள்கிறவனிடம்தான் இன்னொருவர் உயிர் பத்திரமாக இருக்கும்.