பொங்கியண்ணன் மாட்டிய சாய்க்கிற ஸ்டேரிங்

என் லாரிக்கு என்னைவிட வயசு அதிகம். அதன் ஸ்டேரிங் அழுத்தி அழுத்தி என் தொப்பையில் வட்டமாகத் தழும்பே விழுந்திருந்தது. அதனால்தான் மேலே கீழே சாய்க்கிற ஸ்டேரிங் ஒன்றைப் பழைய சாமான் கடையில் பிடித்து, நாமக்கல் பொங்கியண்ணன் மேஸ்திரியிடம் மாட்டக் கொடுத்தேன். அவருக்குக் கையைவிட வாய்தான் அதிகம் வேலை செய்யும் என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்டேனா?

வண்டியை எடுக்கப் போன அன்று கோழிப்பண்ணை நாச்சிமுத்துவையும் கூட்டிப் போனேன். அவருக்கு வண்டி பிடித்துப்போனால் பாலக்காட்டுக்குத் தினமும் முட்டை லோடு எனக்குத்தான். இல்லையென்றால் லாரியை எடைக்குப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை.

"பழைய ஸ்டேரிங் ராடு லேசுல வருமுங்களா?" என்று மேஸ்திரி ஆரம்பித்தார். "புடிச்சு இழுத்தேன். வந்துச்சு. இழுக்க இழுக்க வந்துட்டே இருந்துச்சு. ராடைப் புடிச்சுட்டு அப்பிடியே பொறகால நடந்தேன். 'யோவ், பஸ்ஸு வருது, தள்ளுய்யா'ன்னு ஒரு கண்டக்டரு சத்தம் போடறாரு. திரும்பிப் பாத்தா சேலம்."

"சேலத்துல வெயிலுங்களா?" என்றார் நாச்சிமுத்து.

"மழைங்க. ராடு நனைஞ்சு துருப் புடிச்சிருச்சு. அங்கயே வீசிட்டு வந்துட்டேன்."

ராடு போகட்டும், புது ஸ்டேரிங்கைப் பற்றிச் சொல்லுங்கள் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன்.

"அதை மாட்டிட்டுக் கொல்லிமலைக்கு ஓட்டிப் பாத்தேனுங்க. சாய்க்கற லீவரைத் தட்டி ஸ்டேரிங்கை ஒரு பல்லு மேல தூக்கினேன். ஸ்டேரிங் ஏறல, மலை ஒரு பல்லு எறங்கிருச்சு. இன்னொரு தட்டு. எழுவது வளைவும் நேராயிருச்சு. வளைவுல பலாப்பழம் விக்கறவரு, 'இனி எந்த வண்டி நின்னு பழம் வாங்கும்'னு சண்டைக்கு வந்துட்டாரு. பாவமுன்னு திரும்ப வளைச்சு வெச்சுட்டு வந்தேன்."

"எழுவதையுமா?"

"ஒண்ணு ரெண்டு கூடவே வெச்சிருப்பேன்."

நாச்சிமுத்து சிரிக்கவில்லை. "முட்டை ஒடையாம போவுமா, அதைச் சொல்லுங்க" என்றார்.

"இதே மாதிரி மாட்டுன வண்டி ஒண்ணு முட்டையோட போச்சுங்க. துளி ஆட்டமில்ல. தாய்க்கோழி அடியில இருக்கற சொகம். பாலக்காட்டுல கதவைத் தொறந்தா அத்தனையும் குஞ்சு."

"பண்ணையில சேவலே கெடையாதுங்க. அந்த முட்டை எப்பிடிப் பொரிக்கும்?"

மேஸ்திரி அசரவில்லை. "சேவல் வேலையையும் ஸ்டேரிங்கே பாத்துக்குமுங்க."

இந்த மனுஷன் வாயாலேயே என் லோடு போய்விடும் போலிருந்தது. வண்டியை எடுத்துவிடலாம் என்று அவசரப்படுத்தினேன்.

மேஸ்திரி பூசையெல்லாம் ஏற்கெனவே முடித்து, ஸ்டேரிங் வட்டத்தில் சந்தனப்பொட்டு வைத்திருந்தார். "பொட்டு உச்சியில இருந்தா வண்டி நேராப் போவுமுங்க. கண்ணை மூடிட்டு ஓட்டலாம்" என்று சொல்லிவிட்டு, முன்சக்கரத்துக்கு முன்னால் ஒரு முழம் தள்ளி எலுமிச்சம்பழத்தை வைத்தார். அதை நசுக்கிக்கொண்டு கிளம்பாத வண்டியில் நாச்சிமுத்து ஒரு முட்டைகூட ஏற்ற மாட்டார்.

ஏறி உட்கார்ந்தேன். சும்மா சொல்லக் கூடாது, தொப்பைக்குச் சொர்க்கம். ஆனால் பொட்டு ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. வண்டியை நகர்த்திக்கொண்டே அதை உச்சிக்குக் கொண்டுவந்தேன். லாரி வலதுபக்கம் திரும்பி, எலுமிச்சம்பழத்தை விட்டுவிட்டு, மேஸ்திரியின் மொபெட் மேல் ஏறி நின்றது. சக்கரம் திரும்பி நின்றபோது பூசை போட்டு, அப்போது உச்சியாக இருந்த இடத்தில் பொட்டு வைத்திருக்கிறார்.

மேஸ்திரி மொபெட்டைப் பார்க்கவேயில்லை. நாச்சிமுத்து பக்கம் திரும்பி, "பாத்தீங்களா? எலுமிச்சம்பழமே நசுங்கல. முட்டை எங்கீங்க நசுங்கும்?" என்றார்.

நாச்சிமுத்து குனிந்து பழத்தை எடுத்தார். வேட்டியில் துடைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"எலுமிச்சம்பழ லோடு இருந்தாச் சொல்லி அனுப்பறேனுங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு நடந்தார்.