வெளுத்த மயில்துத்தம்

தவசிமுத்து சாரிடம் கெமிஸ்ட்ரி படித்தவர்களை எங்கள் ஊரில் சுலபமாகக் கண்டுபிடித்துவிடலாம். கையில் ஒரு பொருளைக் கொடுத்தால் பேரைச் சொல்ல மாட்டார்கள். முதலில் நிறத்தைச் சொல்வார்கள், அப்புறம் மணம், அப்புறம் தண்ணீரில் கரையுமா கரையாதா. கல்யாண வீட்டில் இலையில் விழுந்த புது இனிப்பைக்கூட இப்படித்தான் விசாரிப்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். ஆனால் எனக்கும் கெமிஸ்ட்ரிக்கும் ஏழாம் பொருத்தம். தமிழ் டீச்சர் ஆகிவிட்டேன்.

சாரின் நிஜமான சிஷ்யை என் பெஞ்சில் பக்கத்தில் இருந்த சண்முகக்கனி. படித்த பள்ளிக்கூடத்திலேயே இப்போது நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்க்கிறோம். சார் ஓய்வு பெற்றபின் அவர் உட்கார்ந்த ஸ்டூலில் கனி உட்காருகிறாள்.

சாருடைய லேபில் ஒரு சட்டம் உண்டு. பாட்டிலில் பேர் ஒட்டியிருக்காது. "பேரை நான் சொல்லுதேன். நீ கண்டதைச் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு" என்பார்.

ஒருநாள் நான் பாட்டிலைப் பார்க்காமலே 'வெள்ளை நிறப் பொடி' என்று எழுதி மாட்டிக்கொண்டேன். உள்ளே இருந்தது மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட். நீலமென்றால் அப்படி ஒரு நீலம். சார் திட்டவில்லை.

"வெள்ளையாகும்மா. ஆனா நீ இன்னும் சுட வைக்கலயே?"

வகுப்பே சிரித்தது. கனிதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். சார் அப்போதே விளக்கை ஏற்றி அதைச் சுட வைத்தார். நீலமெல்லாம் போய்ப் பொடி வெள்ளைவெளேரென்று ஆனது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. "மிச்சம் நாளைக்கு" என்றார். மறுநாள் வேறு பாடம் வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு, ஸ்பிரிட் விளக்கின் வாசம், அழுகிய முட்டை மாதிரி நாறும் அந்த வாயு, இதெல்லாம் திரும்ப வராதா என்று இருக்கிறது. நாற்றத்துக்கெல்லாம் ஏங்குகிறாளே என்று நீங்கள் சிரிக்கலாம். சிரித்துக்கொள்ளுங்கள்.

போன ஆடி மாதம் கனியின் லேபில் ஒரு விபத்து. அமிலத்தைத்தான் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை அமிலத்தில் விட்டால் கொதித்துத் தெறிக்கும். கனி இதைச் சொல்லிச் சொல்லியே தொண்டை தேய்ந்தவள். அப்படியும் ரோஷினி என்கிற பிள்ளை மாற்றி ஊற்றிவிட்டது. மணிக்கட்டில் தெறித்துப் புண்ணாகிவிட்டது.

புண் ஆறியது. தழும்பு மட்டும் நின்றது. பிள்ளையின் அம்மாவே வந்து, "விடுங்க டீச்சர், நல்லநேரம் கண்ணுல படல" என்று சொல்லிப் போனாள். கனிதான் விடவில்லை. லேபைப் பூட்டினாள்.

அதற்கப்புறம் எல்லாப் பரிசோதனையும் கரும்பலகையில்தான். 'நீல நிறம் தோன்றும்' என்று வெள்ளைச் சாக்பீஸால் எழுதுவாள். பிள்ளைகள் பார்த்து எழுதும். கேள்வி கேட்டால் சிடுசிடுப்பாள். கடைசியில் கல்வி அலுவலகத்தில் காலியாக இருந்த ஒரு மேசை வேலையைக் கேட்டும் வைத்துவிட்டாள். அவர்களும் தருவதாகச் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை அவள் 'சரி' என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

நான் சும்மா இருக்கவில்லை. நேராகப் போய்ச் சாரிடம் கோள் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சார் கம்பை ஊன்றிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கினார்.

"லேபைத் திற, கனி."

"ஒரே தூசியா இருக்கும் சார். ஸ்டாஃப் ரூம்ல உட்காருவோம்."

"தூசி எனக்குப் புதுசா? திற."

சாவி அவள் கைப்பையில், வீட்டுச் சாவியோடு ஒரே வளையத்தில் கிடந்தது. கதவைத் திறந்ததும் அந்தப் பழைய வாசம் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சார் ஸ்டூலைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

"லேபைப் பூட்டிட்டு ஆபீசுக்குப் போறியாமே?"

"யாரு சொன்னா?"

சார் என்னைக் காட்டினார். கனி பார்த்த பார்வையில் நான் பஸ்பமாகியிருக்க வேண்டும். பிறகு சார் பக்கம் திரும்பினாள்.

"நான் பழைய கனி இல்ல சார். ஒரு பிள்ளை கையில டெஸ்ட் டியூபைப் பார்த்தாலே உடம்பு உதறுது. பயம் வருது, அதை மறைக்கக் கோபம் வருது. இது திரும்புமா, இல்ல இனி இப்படியேதானா?"

சார் அலமாரியை அண்ணாந்து பார்த்தார்.

"மேல் தட்டுல மயில்துத்தம் இருக்கும். எடு. பீங்கான் கிண்ணத்துல போட்டுச் சுட வை."

"நீங்களே செய்யுங்க சார்."

சார் கையை நீட்டிக் காட்டினார். நடுங்கிக்கொண்டிருந்தது.

"என் கை வயசுக்கு ஆடுது. உன் கை எதுக்கு ஆடுது?"

அவள் விளக்கை ஏற்றினாள். ஓரத்திலிருந்து நீலம் மெல்ல வெளுத்தது. பிறகு நடுவும் வெளுத்தது. முழுக்க வெள்ளையானதும் விளக்கை அணைத்து ஆற வைத்தாள்.

"அன்னைக்கு இந்த இடத்துலதான் சார் மணி அடிச்சது. மிச்சம் நாளைக்குன்னு சொல்லி ஏமாத்திட்டீங்க" என்றேன்.

"நாளைக்குன்னா நாளைக்கேவா? அவசரக்குடுக்கை." என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டுக் கனி பக்கம் திரும்பினார். "ஆறிப்போச்சு. கண்ணாடித் தட்டுல கொட்டி உள்ளங்கையில வச்சுக்கோ. தண்ணி விடு."

"தெரியும் சார். தண்ணி விட்டா திரும்ப நீலமாகும். வருஷா வருஷம் போர்டுல எழுதுதேன்."

"எழுதுத. இப்ப விடு."

கனி சொட்டுக்குழாயில் தண்ணீரை எடுத்தாள். கை பாதியிலேயே நின்றுவிட்டது. ரோஷினியும் தண்ணீரைத்தானே ஊற்றினாள்! கனியின் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"வேண்டாம் சார்."

"இது அமிலம் இல்ல, தாயி."

எங்கள் சார் யாரையும் 'தாயி' என்று கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

ஒரு சொட்டு விட்டாள். இன்னும் இரண்டு மூன்று விட்டாள். வெள்ளைப் பொடிக்கு நடுவில் குபுக்கென்று நீலம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நான் கை தட்டிவிட்டேன். கனி அதைப் பார்க்கவே இல்லை. பதறிப்போய்த் தட்டைக் கீழே வைக்கப் போனாள்.

"என்ன?" என்றார் சார்.

"சுடுது சார்."

"பொறுக்கிற சூடா, பொறுக்காத சூடா?"

அவள் உள்ளங்கையை விலக்காமல் வைத்துப் பார்த்தாள்.

"பொறுக்கிற சூடுதான்."

"நிறம்?"

அப்போதுதான் குனிந்து பார்த்தாள். பார்த்ததும் அழுதுவிட்டாள்.

"நீலம் சார்."

"சூடு ஆறினப்புறமா நீலமாச்சு?"

"இல்ல சார். சுடும்போதே."

சார் தலையாட்டிவிட்டுக் கம்பைத் தேடி எடுத்துக்கொண்டார். வாசல் வரை போனவரைக் கனி கூப்பிட்டாள். தட்டு இன்னும் அவள் கையிலேயே இருந்தது.

"திங்கக்கிழமை நான் என்ன சார் சொல்லட்டும்?"

"கண்டதைச் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

சார் படியிறங்கிப் போனார். மேசைமேல் கிடந்த பூட்டை நான் எடுத்து நீட்டினேன். கனி வாங்கவில்லை. "திறந்தே கிடக்கட்டும்" என்றாள்.