ரெண்டு கிளாஸ் டீ

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஆறு வருஷமாக டீ போடும் பேச்சித்தாய்க்கு நாற்பத்தோரு வயசில் ஒரு ஆசை வந்தது. தனித்தேர்வராகப் பத்தாவது எழுதி, அங்கேயே எலெக்ட்ரீஷியன் படிப்பில் சேர வேண்டும். 'இவரை எனக்குத் தெரியும்' என்று தேர்வு விண்ணப்பத்தில் ஒரு அதிகாரி கையெழுத்துப் போட்டால் போதும். அன்றைக்குத்தான் கடைசி நாள்.

அவள் டீயைத் தினம் மூணு வேளை குடிக்கும் முதல்வர் ஞானதிரவியம், அவள் விண்ணப்பத்தை நீட்டியபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "டீ கொண்டாறவங்களை எல்லாம் எனக்குத் தெரியும்னு எழுதிக் கொடுக்க முடியுமா? போம்மா!"

"சரிங்கய்யா" என்று போனவள், மத்தியானம் முதல்வரின் மனைவி சாப்பாடு கொண்டுவந்த நேரமாகப் பார்த்து ரெண்டு கிளாஸோடு வந்தாள்.

"எதுக்கு ரெண்டு?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணு சர்க்கரை இல்லாதது, ஒண்ணு ரெண்டு கரண்டி போட்டது. தெரிஞ்சவங்கன்னா எதைக் குடிப்பாங்கன்னு சொல்லிருவேன். ஐயாதான் என்னைத் தெரியவே தெரியாதுன்னுட்டாரே!"

அம்மா கணவர் பக்கம் திரும்பினார். "டாக்டர் சர்க்கரையை நிறுத்தச் சொல்லி ரெண்டு வருஷமாச்சே?"

முதல்வருக்கு வேர்த்துவிட்டது. "பேச்சித்தாய், அந்த விண்ணப்பத்தைக் கொண்டா!"

'எத்தனை ஆண்டுகளாகத் தெரியும்?' என்ற இடத்தில் 'ஆறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"இப்ப ஞாபகம் வந்துட்டும்மா. ஐயாவுக்கு எப்பவும் இதுதான்" என்று சர்க்கரை இல்லாததை அவர் முன்னால் வைத்தாள்.

அம்மா பார்த்துக்கொண்டே இருக்க, முதல்வர் முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

ரெண்டு கரண்டி போட்டதை வராண்டாவில் நின்று பேச்சித்தாய் குடித்தாள்.