அருளப்பன் வருகை தந்தார்

மணல்விளைச் சமுதாயக் கல்லூரியில் யாரும் யாரையும் ஏமாற்றியதாகச் சரித்திரம் இல்லை. ஏமாற்றுவதற்குக் கொஞ்சம் மூளை தேவைப்படும்.

தேரிக்காட்டுச் செம்மண்ணுக்கு நடுவே ஓடு போட்ட ஒரு நீளக் கட்டடம். தையல், கணினி, வெல்டிங் என்று மூன்றே பிரிவுகள். இந்தக் கல்லூரிக்கு 'கல்லூரி முரசு' என்று ஒரு செய்தித்தாளும் உண்டு. மாதம் ஒரு தாள். அதில் ஒரு பக்கம்தான் அச்சிடுவார்கள். மறுபக்கம் வெள்ளையாக இருப்பதால் ஊர்க்காரர்கள் விரும்பி வாங்கிப் போவார்கள்.

முரசின் ஆசிரியர் வெல்டிங் படிக்கும் சுடலைமணி. நிருபர் அதே வகுப்பு ஜெபசிங். பிழை திருத்துபவள் தையல் பிரிவு வேலம்மாள். மூவரும் சொன்ன சொல் தட்டாதவர்கள். கல்லூரியின் கஷ்டமே அதுதான்.

போன மாதம் விளையாட்டு விழா. விழா அன்றே முரசைக் கொடுக்க வேண்டும் என்பதற்காக முந்தின நாளே அச்சடித்தார்கள். 'உயரம் தாண்டுதலில் ஜெபசிங் முதலிடம், சுடலைமணி இரண்டாமிடம். பலத்த கரவொலி.' மறுநாள் பெருமழை. விழா கிடையாது. முதல்வர் நம்பிராஜன் மூவரையும் நிற்க வைத்துத் திட்டினார்.

"முரசுல ஒண்ணு வந்துட்டுன்னா அது நடந்திருக்கணும். நடக்காதது ஒரு வரிகூட இருக்கக் கூடாது. புரிஞ்சுதால?"

"புரிஞ்சுது சார்."

நேராக மைதானத்துக்குப் போனார்கள். கொட்டுகிற மழையில் ஜெபசிங் கயிற்றைத் தாண்டினான். சுடலைமணி அவனைவிட நாலு விரல் குறைவாகத் தாண்டினான். வேலம்மாள் குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு பலமாகக் கைதட்டினாள். அதன் பிறகு முரசில் பிழை இல்லை.

இந்த மாதம் வந்தது அதைவிடப் பெரிய விஷயம். வெல்டிங் பிரிவுக்குக் கொடுத்திருந்த அனுமதி முடிகிறது. திங்கட்கிழமை ஆய்வு அதிகாரி வந்து, மாணவர்களின் வேலையைப் பார்த்து, 'திருப்தி' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பிரிவை மூடிவிடுவார்கள். படித்த பதினாறு பேருக்கும் சான்றிதழ் கிடையாது. சுடலைமணிக்குத் தூத்துக்குடியில் படகு கட்டும் இடத்தில் வேலை சொல்லி வைத்திருந்தார்கள். சான்றிதழோடு வந்தால்தான் சேர்ப்பார்கள். அவன் அம்மா அதை ஏற்கெனவே ரேஷன் கடை வரிசை முழுவதற்கும் சொல்லிவிட்டாள்.

"அதிகாரி கிளம்பும்போது, அவரு வந்துபோன செய்தி முரசுல அச்சாகி அவரு கையில இருக்கணும். மனுஷன் குளிர்ந்து போவாரு" என்றார் முதல்வர்.

அச்சகக்காரர் வீட்டில் கல்யாணம். சனிக்கிழமையிலிருந்து கடை அடைப்பு. ஆகவே வெள்ளிக்கிழமையே செய்தி அச்சாகிவிட்டது.

'ஆய்வு அதிகாரி திரு. அருளப்பன் அவர்கள் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நம் கல்லூரிக்கு வருகை தந்தார். மாணவிகள் ஆரத்தி எடுத்தனர். அதிகாரி இளநீர் அருந்தினார். வேப்பங்கன்று நட்டார். மாணவர்களின் வெல்டிங் திறமையைக் கண்டு கண்கலங்கினார்.'

முன்னூறு பிரதிகள்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ரயில் நிலையத்திலிருந்து முதல்வர் போன் செய்தார். "ஏல சுடலை, அருளப்பன் சாருக்கு மாறுதலாயிட்டு. பதிலா சண்முகவடிவு மேடம் வாராவ. நான் கூட்டிட்டு வாரேன். ஒண்ணு கேட்டுக்கோ. போன வருஷம் அதிகாரி பைல் பார்த்துட்டு இருக்கும்போது ஆடு உள்ள வந்து ரெண்டு பக்கத்தைத் தின்னுட்டு. இந்தத் தடவை அதிகாரி உள்ள நுழைஞ்சதும் கேட்டை அடைச்சிரணும். அப்புறம் ஒரு ஜீவன் உள்ள வரக் கூடாது. நானே வந்து நின்னாலும் விடாத."

"சரி சார்."

மூவரும் வெல்டிங் கூடத்தில் கூடினார்கள். நடுவில் முன்னூறு முரசு.

"முன்னூறுலயும் அருளப்பன்னுதான் இருக்கு" என்றான் ஜெபசிங்.

வேலம்மாள் ஒரு தாளைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். "எழுத்தெல்லாம் சரியா இருக்கே. நான் மூணு தடவை பார்த்தேன்."

"எழுத்து சரிதான் வேலம்மா. ஆளுதான் தப்பு."

"பேனாவால அடிச்சு மேடம் பேரை எழுதிருவமா?"

"எப்படி எழுத? அருளப்பன் வந்தாருன்னு அச்சாயிட்டு" என்றான் சுடலைமணி. "இனி அவரு வந்துதான் ஆகணும். வரலைன்னா முரசு பொய் சொன்ன மாதிரி ஆயிரும். அதைப் பார்த்துட்டு எவன் கையெழுத்துப் போடுவான்?"

மூவரும் யோசித்தார்கள். கடைசியில் ஜெபசிங் சொன்னான். "பஸ் ஸ்டாப்புல பஞ்சர் கடை அண்ணாச்சி பேரு அருளப்பன்தானே?"

"அவரு ஆய்வு அதிகாரி இல்லையேல."

"டியூபைத் தண்ணியில முக்கி எங்க ஓட்டைன்னு பார்க்காருல்லா? அது ஆய்வு இல்லாம என்ன? கடையில அவருக்கு மேல யாரு இருக்கா?"

சுடலைமணி அதை ஒப்புக்கொண்டான்.

"அப்போ அந்த மேடம்?" என்றாள் வேலம்மாள்.

"அவங்க செய்தியிலயே இல்லையே" என்றான் சுடலைமணி.

பஞ்சர் கடை அருளப்பன் கையில் பாதி ஒட்டிய டியூபோடு வந்தார். கேட்டருகில் அவர் நெற்றியில் குங்குமம் வைத்து ஆரத்தி எடுத்தார்கள். மணி சரியாகப் பத்து.

"எதுக்குட்டி எனக்கு இதெல்லாம்?" என்று கேட்டார்.

"அச்சாயிட்டு அண்ணாச்சி" என்றாள் வேலம்மாள். அச்சாகிவிட்டது என்றதும் அவரும் பேசாமல் உள்ளே வந்துவிட்டார்.

அதிகாரி நுழைந்தாகிவிட்டது. இனி கேட்டை அடைக்க வேண்டும். கேட்டின் கொண்டி துருப்பிடித்து விழுந்து ஒரு வருஷமாகிறது. காவலாளி பிச்சையா நாற்காலியைக் கேட்டில் முட்டுக் கொடுத்து உட்காருவதுதான் வழக்கம். ஆடு தள்ளினால் நாற்காலியோடு நகர்ந்து வழிவிடுவார்.

"இது சரிப்படாது" என்றான் சுடலைமணி, முதல்வர் போனில் சொன்னதைப் பிச்சையாவிடம் அப்படியே ஒப்பித்துவிட்டு. வெல்டிங் வயரை இழுத்துக்கொண்டு வந்தான். அவனும் ஜெபசிங்கும் முகமூடி மாட்டிக்கொண்டு, இரண்டு கதவுகளும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை ஒரே ஒட்டாக ஒட்டினார்கள். பிச்சையா நாற்காலியை எடுத்து நிழலில் போட்டுக்கொண்டு, "இது நல்ல ஏற்பாடு" என்றார்.

அருளப்பன் இளநீர் குடித்தார். இன்னொன்று கேட்டார். 'இளநீர் அருந்தினார்' என்றுதான் இருக்கிறது, எத்தனை என்று இல்லை என வேலம்மாள் சொன்னதால் கொடுத்தார்கள். வேப்பங்கன்றையும் நட்டார். மிச்சம் இருந்தது கண்கலங்குவதுதான்.

"கொஞ்சம் அழணும் அண்ணாச்சி" என்றான் ஜெபசிங்.

"நான் எதுக்குல அழணும்? இப்பதான் ரெண்டு இளநி குடிச்சிருக்கேன்."

"உங்களுக்குக் கவலையே இல்லையா?"

அருளப்பன் கல்லூரியைச் சுற்றிப் பார்த்தார். வேப்பமரத்தடியில் கல்லூரி பஸ் நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இந்த பஸ்ஸை விட்டீங்க. அதோட ஒரு பயலும் சைக்கிள்ல வாரதில்லை. முன்னெல்லாம் ஒரு நாளைக்குப் பன்னெண்டு பஞ்சர் பார்ப்பேன்ல, பன்னெண்டு..." என்றார். கண்ணில் நீர் வந்தது.

"அழுதுட்டாரு! அழுதுட்டாரு!" என்றான் ஜெபசிங்.

"நில்லு" என்றாள் வேலம்மாள், தாளில் விரலை வைத்து. "'வெல்டிங் திறமையைக் கண்டு'ன்னு போட்டிருக்கு. அவரு பஸ்ஸைக் கண்டுல்லா அழுதாரு?"

சுடலைமணி ஓடிப்போய், தான் ஒட்டிய இரும்புச் சட்டம் ஒன்றைத் தூக்கிவந்து அருளப்பன் முகத்துக்கும் பஸ்ஸுக்கும் நடுவில் பிடித்தான். அவர் அதைக் கண்டபடியே அழுது முடித்தார்.

அப்போது வெளியே ஆட்டோ வந்து நின்றது. முதல்வர் இறங்கினார். பின்னாலேயே கையில் பைலோடு ஒரு அம்மாள் இறங்கினார். முதல்வர் கேட்டைத் தள்ளினார். கேட் அசையவில்லை.

"ஏல, திறங்கல!"

"யாரு?" என்றார் பிச்சையா, முதல்வரின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு.

"நான்தான்வே பிரின்சிபால்! கண்ணு தெரியலையா?"

"தெரியுது சார். நீங்க வந்து நின்னாலும் விடக் கூடாதுன்னு பிரின்சிபால் சொல்லியிருக்காவ."

சுடலைமணி ஓடி வந்தான். "சார், கவலையே படாதீங்க. அதிகாரி வந்தாச்சு, இளநி குடிச்சாச்சு, அழுதாச்சு. எல்லாம் வரிக்கு வரி நடந்துட்டு."

"எந்த அதிகாரில?" முதல்வருக்கு மூச்சு வாங்கியது. "அதிகாரி இவங்கதாம்ல!"

சண்முகவடிவு கம்பிகளுக்கு நடுவே உள்ளே பார்த்தார். குங்குமமும் கண்ணீரும் டியூபுமாக ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஜெபசிங் மரியாதையாக ஒரு முரசைக் கம்பி வழியாக நீட்டினான். அவர் முழுவதும் படித்தார்.

"மிஸ்டர் நம்பிராஜன், எனக்குப் பன்னிரண்டரைக்குத் திரும்ப ரயில். நான் வேலையைப் பார்க்காமல் கையெழுத்துப் போட முடியாது. பத்து நிமிஷம் தருகிறேன், கேட்டைத் திறக்கச் சொல்லுங்கள்."

அப்போதுதான் சுடலைமணிக்கு உறைத்தது. கையெழுத்து வெளியே நின்றது. சான்றிதழும் தூத்துக்குடியும் அதோடு சேர்ந்து வெளியேதான் நின்றன. "தள்ளுங்க சார், நாங்களும் இழுக்கோம்!" என்று கத்தினான். வெளியிலிருந்து முதல்வர் தள்ளினார். உள்ளிருந்து பதினாறு பேர் இழுத்தார்கள். ஆட்டோக்காரர் கயிற்றைக் கேட்டில் கட்டி, மறுமுனையை ஆட்டோவில் கட்டி, ஒரு முறுக்கு முறுக்கினார். பெரிய சத்தம். ஆட்டோவின் பின் பம்பர் கேட்டிலேயே தொங்கியது. ஆட்டோ மட்டும் போய்ப் புளியமரத்தடியில் நின்றது.

சண்முகவடிவு மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். ஒட்டிய இடத்தில் விரலை வைத்து மேலிருந்து கீழே தடவினார். ஒரு கல்லை எடுத்து மூன்று இடத்தில் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்டார்.

"யார் வைத்த ஒட்டு இது?"

சுடலைமணி தயங்கித் தயங்கிக் கையைத் தூக்கினான்.

"இருபது வருஷமாக ஆய்வுக்குப் போகிறேன். ஒரு பிசிறு இல்லை, ஒரு ஓட்டை இல்லை. எங்கேயும் இப்படிப் பார்த்ததில்லை."

முதல்வரைத் திரும்பி நிற்கச் சொன்னார். அவர் முதுகில் பைலை வைத்து எழுதினார்: 'வெல்டிங் பிரிவு: திருப்தி. மற்றவை: பார்க்க வழியில்லை.' கையெழுத்தும் போட்டார். பதினாறு பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தார்கள். சண்முகவடிவு முரசை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, பம்பர் இல்லாத ஆட்டோவில் ஏறிப் போய்விட்டார்.

"சரி, இப்ப இதை வெட்டித் திறங்க" என்றார் முதல்வர்.

"எப்படி சார்?" என்றான் சுடலைமணி. "திருப்தின்னு எழுதினது இந்த ஒட்டுக்குத்தானே? இதை வெட்டிட்டா அந்தத் திருப்தி எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?"

முதல்வர் பைலைப் பார்த்தார். கேட்டைப் பார்த்தார். மறுபடி பைலைப் பார்த்தார்.

"அதுவும் சரிதாம்ல."

மத்தியானத்துக்குள் கேட்டுக்குப் பக்கத்திலேயே பத்தடி அகலத்துக்குச் சுற்றுச்சுவரை இடித்துவிட்டார்கள். முதலில் முதல்வர் அதன் வழியாக உள்ளே வந்தார். பிறகு அருளப்பன் வெளியே போனார். கல்லூரி பஸ்ஸும் தாராளமாகப் போய்வருகிறது.

அரசாங்கம் பார்த்து ஒப்புக்கொண்ட கேட் என்பதால், அதற்கு எதுவும் ஆகிவிடக் கூடாதென்று புதிதாக ஒரு பெரிய பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள். தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிச்சையா அதைப் பூட்டி, இரண்டு தடவை இழுத்துப் பார்த்து, சாவியை மடியில் பத்திரமாக முடிந்துகொண்டு, சுவர் ஓட்டை வழியாக வீட்டுக்குப் போவார்.