கரட்டுப்பட்டிக் கிணற்றை ஆராய்ந்த மூன்று பேராசிரியர்கள்

படித்துப் படித்தே மூளையைத் தேய்த்துவிட்ட மூன்று பேர் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார்கள். வேதியியலுக்குத் தணிகாசலம், வரலாற்றுக்கு ஞானசிகாமணி, சமூகவியலுக்கு அமலோற்பவம் அம்மையார். ஒருநாள் துணைவேந்தரிடமிருந்து சுற்றறிக்கை வந்தது.

‘துறைகளுக்கு நடுவே இருக்கும் சுவர்களை உடையுங்கள். மக்களிடம் இறங்கிப் போங்கள். அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். பிரச்சினையின் ஆழத்துக்குச் செல்லுங்கள். மூன்று ஆண்டுகள் ஆய்வு செய்க.’

அன்று மத்தியானமே தணிகாசலமும் ஞானசிகாமணியும் கடப்பாரையோடு வந்து வேதியியலுக்கும் வரலாற்றுக்கும் நடுவே இருந்த சுவரை இடித்துத் தள்ளினார்கள். அமில நெடி தாங்காமல் வரலாற்று மாணவர்கள் ஓடிப்போனார்கள்.

“எங்கள் துறை தனிக் கட்டடம். நடுவில் சுவரே இல்லையே!” என்று அமலோற்பவம் கண் கலங்கினார்.

மற்ற இருவருக்கும் மனசு கேட்கவில்லை. அவர் கட்டடத்திலும் ஒரு சுவரைக் கட்டினார்கள். ஈரம் காய்வதற்குள் அதையும் இடித்தார்கள்.

அடுத்து, மக்கள். பக்கத்தில் இருந்த கரட்டுப்பட்டியோ மேட்டின் மேல் இருந்தது.

“ஏறியல்லவா போக வேண்டியிருக்கிறது?” என்றார் தணிகாசலம்.

“கூடாது. இறங்கி என்றுதான் உத்தரவு” என்றார் ஞானசிகாமணி.

ஆகவே ஊருக்குப் பின்னால் இருந்த மலையில் சுற்றி ஏறி, அங்கிருந்து முள்ளிலும் பாறையிலும் சறுக்கிக்கொண்டு ஊருக்குள் வந்து விழுந்தார்கள்.

கிணற்றடியில் பேச்சியம்மாள் வெறுங்குடத்தோடு நின்றிருந்தாள். வந்தவர்களில் ஒருவர் வேதியியல் வாத்தியார் என்று தெரிந்ததும் அவளுக்கு உயிர் வந்தது.

“சார், பத்து நாளா தண்ணி நாறுது. என் பிள்ளைங்க ரெண்டும் வயித்து வலியில சுருண்டு கிடக்கு. இதைக் குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க சார்.”

மூவரும் ஆளுக்கொரு காதை அவள் பக்கம் நீட்டினார்கள்.

“சார்?”

“நாங்கள் கேட்க வந்திருக்கிறோம் அம்மா. சொல்ல உத்தரவில்லை” என்றார் தணிகாசலம் அடக்கமாக.

“பிள்ளைங்க துடிக்குதுங்க சார்!”

“அருமை. இன்னொரு தரம் சொல்லுங்கள், இந்தக் காதிலும் கேட்டுக்கொள்கிறேன்” என்றார் அமலோற்பவம்.

பிறகு ஆழத்துக்குப் போகும் கட்டம் வந்தது. ஒரே கயிற்றில் மூவரும் கிணற்றுக்குள் இறங்கினார்கள். கயிறு அறுந்தது. தொப்பென்று விழுந்தவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றபடி, இந்த ஆழம் எந்தத் துறைக்குச் சேரும் என்று விவாதிக்க ஆரம்பித்தார்கள்.

“காலில் ஏதோ சிக்குகிறது” என்றார் ஞானசிகாமணி நடுவில். “மூட்டை மாதிரி இருக்கிறது. என் காலகட்டம் இல்லை, விட்டுவிடுவோம்.”

மேலே நின்ற பேச்சியம்மாள் காதில் அது விழுந்தது. வேறு கயிறு போட்டு, ஊர்ப் பெண்களோடு சேர்ந்து முதலில் மூட்டையை இழுத்தாள். யாரோ போட்டுவிட்டுப் போன உர மூட்டை, கிழிந்து கரைந்திருந்தது. பிறகுதான் பேராசிரியர்களை இழுத்தாள். அன்றைக்கே கிணற்றை இறைத்துச் சுத்தம் செய்தார்கள். புதுத் தண்ணீர் ஊறியது. பிள்ளைகளும் ஒரு வாரத்தில் எழுந்து ஓடின.

மறு வாரம் மூவரும் தலையில் புது உர மூட்டையோடு பேச்சியம்மாள் வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

“இது எதுக்கு?” என்றாள் பேச்சியம்மாள்.

“பிரச்சினையைத் தீர்த்துவிட்டீர்களே அம்மா! மூன்று வருஷம் ஆய்வு செய்ய வேண்டுமே, ஒரு வாரம்தானே ஆகியிருக்கிறது? போன தடவை சறுக்கிக்கொண்டு வந்ததில் வழி தெரியவில்லை, கிணறு எந்தப் பக்கம்?” என்றார் தணிகாசலம்.

அவளுக்கு வந்த கோபத்தில் குடத்தாலேயே போட்டிருப்பாள். மூச்சை அடக்கிக்கொண்டு, “கிணறா? அது மேல்படிப்புக்கு உங்க பல்கலைக்கழகத்துக்கே போயிருச்சு” என்றாள்.

மூவரும் மூட்டையைக் கீழே போட்டார்கள்.

“எந்தத் துறை?” என்று ஒரே குரலில் கேட்டார்கள்.

“மூணுலயும்தான்.”

விழுந்தடித்துக்கொண்டு பல்கலைக்கழகம் திரும்பி, மூன்று துறைப் பதிவேட்டிலும் கிணற்றின் பெயரை எழுதினார்கள். தினமும் காலையில் வருகைப் பதிவின்போது அதன் பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள். பருவத் தேர்வு வந்தபோது, வருகை போதாததால் தேர்வு எழுத முடியாது, பெற்றோரை அழைத்து வரவும் என்று கிணற்றுக்குப் பதிவுத் தபால் போட்டார்கள்.